நாரி வரைதல்: மையில் பெண்ணுடலை வரைய எனக்குத் தெரிந்த வழி

ரங்கூனில் 22 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதே அறையில் மை அரைப்பேன். ஆறேழு பெண்கள் வருவார்கள், பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் பர்மியர். ஒருவர் துணியில்லாமல் உட்காருவார், மற்றவர்கள் வரைவோம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெண்ணுடலை மையில் வரைய ஆசைப்பட்டும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு உதவும்.

புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே தலையில் தொடங்குவார்கள். தலை, கழுத்து, தோள், கை என்று ஓரத்தைச் சுற்றிக்கொண்டே கீழே வருவார்கள். கால் வரும்போது தாள் தீர்ந்துபோயிருக்கும். பென்சில் என்றால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். மையில் அது நடக்காது. அதனால் தூரிகையைத் தாளில் வைக்கும் முன்பே ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும்: இந்த உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது? குதிகாலிலா, பிட்டத்திலா, ஊன்றிய உள்ளங்கையிலா? அது தெரிந்துவிட்டால் எந்தக் கோடு தடிமனாக வரும், எது மெலியும், எதைப் போடவே வேண்டாம் என்பதெல்லாம் தானாக அமையும். நான் கற்றுக்கொடுப்பது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு வேண்டிய கைவேலை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தையல். நான் அளவெடுத்த பெண்களில் இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருந்தவர் அபூர்வம். பிள்ளையை ஒரே இடுப்பில் வைத்து வளர்த்தவருக்கு அந்தப் பக்கம் விலா மடிந்திருக்கும், எதிர்ப்பக்கம் நீண்டிருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் வெட்டினால் ஜாக்கெட் ஒரு பக்கம் தூக்கும். படமும் அப்படித்தான். இரண்டு பக்கத்தையும் சமமாகப் போட்டால் உடம்பு நிற்காது, கடை வாசல் பொம்மைபோல விறைத்துவிடும்.

பர்மிய மரபு ஓவியத்தில் அடிப்படைப் பாடம் நான்கு: கனொட், நாரி, கபி, கஜ. கனொட் என்பது கொடிக்கருக்கு, அதாவது கொடி பின்னிய அலங்காரம்; கபி குரங்கு, கஜ யானை. நாரி என்பது மனித உருவம். பர்மிய எழுத்தில் நாரி என்று எழுதி, 'நாயீ' என்று உச்சரிப்பார்கள். முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தமிழில் நாரி என்றால் பெண். வில்லின் நாணுக்கும் நாரி என்று பெயர் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இடுப்பு வலியை நாரி நோ என்பார்கள். பெண், இடுப்பு, இழுத்துக் கட்டிய நாண், மூன்றும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. நிற்கிற பெண்ணின் கழுத்தடியிலிருந்து இடுப்பு வழியாகக் குதிகால் வரை கண்ணை ஓட்டிப் பாருங்கள், நாண் எங்கே இழுபட்டிருக்கிறது என்று தெரியும்.

சரி, சாமான்களுக்கு வருவோம்.

மை இரண்டு விதம். ஒன்று மைக்கட்டி. புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்த்துக் கட்டியாக்கியது. கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு வட்டமாக அரைக்க வேண்டும். 10 நிமிஷத்துக்குக் குறைந்தால் வெளுத்துத்தான் இருக்கும். சந்தனம் அரைக்கிற கைப்பக்குவம் இருந்தால் போதும், அழுத்தக் கூடாது. அரைக்கிற நேரத்தில் கையும் நிதானப்படும், எதிரில் இருப்பவரும் நம்மோடு பழகிவிடுவார். இன்னொன்று பாட்டிலில் வருகிற இந்தியன் இங்க். அதில் பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும். காய்ந்தால் தண்ணீருக்குக் கரையாது, அதனால் மேலே நீர்மை, அதாவது தண்ணீர் கலந்து வெளுத்த மை, பூச வசதி. ஆனால் தூரிகையை உடனே கழுவாவிட்டால் மயிர் கட்டையாகிவிடும். மை நிரப்பி எழுதுகிற பேனாவில் அதை ஊற்றவே ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

தூரிகைகளை லாத்தா பக்கம் சைனா டவுன் கடைகளில் வாங்குகிறேன். ஆட்டுமயிர் மெத்தென்று இருக்கும், மையை நிறையக் குடிக்கும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. கொஞ்சம் விறைப்பான மயிர்த் தூரிகை தொடக்கத்துக்கு நல்லது. அழுத்தினால் விரியும், தூக்கினால் உடனே கூராகும். நடுத்தர அளவில் ஒன்று போதும். தொட்டு எழுதுகிற நிப்பும் வைத்துக்கொள்ளலாம். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், மை உருண்டு ஓடும். ஓர் உருளைக்கிழங்கில் இரண்டு முறை குத்தித் துடைத்துவிட்டால் மை பிடிக்கும்.

தாளுக்கு, பழகும்போது செய்தித்தாள் போன்ற மலிவுத் தாளே போதும், கட்டுக்கட்டாகத் தீர வேண்டும். நல்ல படத்துக்கு எனக்குப் பிடித்தது ஷான் மாநிலத்துக் கைத்தாள். முசுக்கட்டை மரப்பட்டையில் செய்வது, பிண்டயாவில் குடை செய்கிறார்களே அதே தாள். நார் தெரியும், மையை இழுத்துக்கொள்ளும், கோட்டின் ஓரம் லேசாகப் பரவும். அந்தப் பரவல் தோலுக்குப் பொருந்துகிறது. பரவல் வேண்டாம் என்றால் படிகாரமும் பசையும் கரைத்த தண்ணீரைப் பூசிக் காயவிட்டு வரையலாம்.

மழைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை ரங்கூனில் தாள் எப்போதும் ஈரம் குடித்தே இருக்கும். கோடு போட்டால் கறையாகப் படரும். எங்கள் வீட்டில் நான் செய்வது: தாளின் மேல் பழைய மல் துணியை விரித்து, சூடு குறைத்த இஸ்திரிப் பெட்டியால் மெல்லத் தேய்ப்பேன். நாலு தடவை தேய்த்ததும் தாள் மொறமொறவென்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வந்தால் கோடு பிடித்து நிற்கும். கரண்ட் இல்லாத நாளில் கரிப்பெட்டி. தேய்த்த தாளைத் தகரப் பெட்டியில் மூடி வைத்து ஒவ்வொன்றாக எடுப்போம்.

இனி, உட்காருகிறவர். இதில்தான் நிறைய இடத்தில் தப்பு நடக்கிறது.

உட்காருகிறவர் வயது வந்த பெண்ணாக, தன் விருப்பத்தோடு வருகிறவராக இருக்க வேண்டும். கூலியை முதலிலேயே பேசி, உட்காரும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். என் தையல் கூலியைவிட மணிக்குக் கூடுதலாகத்தான் கொடுக்கிறேன், ஏனென்றால் அசையாமல் இருப்பது தைப்பதைவிடக் கஷ்டம். உடை மாற்ற ஒரு திரை, போர்த்திக்கொள்ள ஒரு துணி, காலடியில் பாய். தாழ்ப்பாள் போட வேண்டும். கைபேசி எல்லாம் வெளியே ஒரு கூடையில். யாரும் அவரைத் தொடக் கூடாது. "கையைக் கொஞ்சம் தூக்குங்க அக்கா" என்று வாயால் சொன்னால் போதும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஓய்வு, டீ. மரத்துப்போன காலோடு அவர் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் அது நம்முடைய தவறு.

படத்தை என்ன செய்வோம் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். நான் இதில் ஒருமுறை பட்டிருக்கிறேன். ஒரு படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் வேலை முடித்து, கண்ணாடியைத் துடைத்து, தெருவைப் பார்த்தபடி வாசலில் சாய்த்து வைத்துவிட்டார். படத்தில் முகம் இல்லை. ஆனால் அதற்கு உட்கார்ந்த அக்காவுக்குத் தன் முதுகு தெரியாதா? சந்தைக்குப் போகிற வழியில் பார்த்திருக்கிறார். நாலு மாதம் அவர் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அந்தப் படத்தை அவரிடமே கொடுத்தேன். அதற்குப் பிறகு, உட்கார்ந்தவர் சரி என்று சொல்லாத படம் என் தகரப் பெட்டியைவிட்டு வெளியே போவதில்லை. சட்டம் போட நானே கற்றுக்கொண்டேன்.

உட்கார ஆள் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். நிலைக்கண்ணாடி முன் உங்களையே வரையுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் வீட்டுப் பெண்களின் பாதம், முழங்கை, பின்கழுத்து என்று 100 படம் போடுங்கள். தலை குளித்துவிட்டு, தமேனை (பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி) மார்புக்கு மேல் முடிந்துகொண்டு, குனிந்து முடி துவட்டுகிறவரை நம் ஊரில் தினம் பார்க்கிறோம். ஈரத் துணி உடம்பின் பாரத்தை மறைக்காது. அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டுவிட்டு அதை வரைந்து பழகுங்கள்.

முதல் பயிற்சி நிற்கிற உடம்பு. கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல ஒன்று வேண்டும். நான் வைத்திருப்பது ஒரு முழ நூலும் நுனியில் ஒரு கோட்டுப் பட்டனும். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, நூல் அவருடைய தொண்டைக்குழிக்கு நேரே வரும்படி பிடியுங்கள். அவர் ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிறார் என்றால், நூல் அந்தக் காலின் உள்கணுக்கால் பக்கம் வந்து விழும். பாரம் தாங்குகிற பக்கத்தில் இடுப்பு ஏறும், அதே பக்கத்தில் தோள் இறங்கும், நடுவில் விலாவும் இடுப்பும் நெருங்கி மடிப்பு விழும். நம் சிற்பிகள் இதே நூலைப் பிரம்மசூத்திரம் என்பார்கள். சோழர் காலத்துப் பார்வதி வெண்கலங்கள் மூன்று இடத்தில் வளைந்து, திரிபங்கமாக நிற்பது இந்தக் கணக்கில்தான். ஊருக்குப் போகிறவர்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் அந்தச் சிலைகளின் முன் நின்றுவிட்டு வாருங்கள். பல வகுப்புகளுக்குச் சமம்.

நிற்கிற உடம்புக்கு ஒரு நிமிஷ நிலைகள் 10, இரண்டு நிமிஷ நிலைகள் 5. ஒரு நிமிஷத்தில் மூன்று கோடுதான் போட முடியும்: பாரம் தாங்கும் கால், இடுப்பின் சாய்வு, தோளின் சாய்வு. அந்த மூன்று சரியாக இருந்தால் உடம்பு தாளில் நின்றுவிடும்.

அப்புறம் உட்கார்ந்த உடம்பு. மை தன் வேலையைக் காட்டுவது இதில்தான். போன வாரம் நான் போட்ட ஒரு படத்தை அப்படியே சொல்கிறேன்.

அக்கா பாயில் பக்கவாட்டாக உட்கார்ந்து, இரண்டு காலையும் இடப்பக்கம் மடித்து, வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றியிருந்தார். எனக்கு அவருடைய முதுகு. ஜன்னல் இடப்பக்கம், வெளிச்சம் அங்கிருந்து. நான் தாளைத் தரையில் விரித்து மண்டியிட்டேன். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து இழுக்க வேண்டும்.

முதலில் ஊன்றிய உள்ளங்கை. தூரிகையின் வயிற்றை அழுத்தி ஒரு தடித்த, குட்டையான கோடு. உடம்பில் பாதிப் பாரம் அங்கே இருந்தது. அங்கிருந்து தூரிகையைத் தூக்காமல் கையின் ஓரமாக மேலே. பாரம் தாங்கும் கையில் முழங்கை பின்பக்கமாகச் சற்றே வளைந்து பூட்டிக்கொள்ளும். அந்த வளைவை நேராக்கிவிட்டால் கை கம்பாகிவிடும். தோளுக்கு வரும்போது கோடு மெலிந்தது. ஊன்றிய கையின் தோள் காதை நோக்கி ஏறியிருந்தது, அதனால் அந்தப் பக்கம் கழுத்துக்கு இடமே இல்லை. கழுத்தைப் போடாமல் விட்டேன்.

இரண்டாவது கோடு முதுகெலும்பின் பள்ளம். மூச்சை விட்டுக்கொண்டே, பிடரியிலிருந்து பிட்டம் வரை ஒரே இழுப்பு. இதுதான் நாரி, நாண். பாதியில் நிறுத்தினால் மை குளம் கட்டும், அதனால் எங்கே முடிக்கப்போகிறோம் என்று கண் முதலில் போய் நிற்க வேண்டும், கை பின்னால் வரும்.

மூன்றாவது, வலப்பக்க இடுப்பு. நசுங்கிய பக்கம், இரண்டு மடிப்பு. இரண்டையும் குட்டையாக, மேலுள்ளது தடிமனாக, கீழுள்ளது மெலிதாக. புதியவர்கள் மடிப்பைத் துடைத்துவிட்டு இடுப்பை உடுக்கையாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மூன்று பிள்ளை பெற்ற வயிறு, அறுவைத் தழும்பு, தொங்கிய மேற்கை, இவை எல்லாம் படத்துக்குப் பிடிமானம். இடப்பக்கம் நீண்டு இழுபட்டிருந்தது. அதற்கு நிப்பு அளவுக்கு மெல்லிய ஒரே கோடு, வெளிச்சம் விழுந்த இடத்தில் அதையும் விட்டுவிட்டேன். விட்ட இடத்தைப் பார்க்கிறவர் கண் சேர்த்துக்கொள்ளும்.

நான்காவது, பாயில் பதிந்த பிட்டம். உருண்டையாகப் போடக் கூடாது. பாரத்தில் சதை அடியில் தட்டையாகி வெளியே விரியும். படத்திலேயே அதிகமான மை இங்கேதான், கிட்டத்தட்ட அரை விரல் அகலம். கடைசியில் தொடையும் மடித்த பாதமும். தலை எல்லாவற்றுக்கும் பிறகு, ஒரு சின்ன முட்டை வடிவமும் கொண்டையும். மொத்தம் ஒன்பது கோடு, ஏழு நிமிஷம்.

கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு முக்கோண இடைவெளி இருந்தது. வரையும்போது நான் உடம்பைவிட அந்த முக்கோணத்தைத்தான் அதிகம் பார்த்தேன். இடைவெளியின் வடிவம் சரியாக வந்தால் கையும் இடுப்பும் தப்பாக இருக்க முடியாது. ஜாக்கெட்டுக்குக் கை அக்குள் வெட்டும்போதும் இப்படிப் பார்ப்பது உதவும்.

நீர்மை பூசுவதைக் கோடு பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிண்ணம்: வெளுப்பு, நடுத்தரம், அடர்த்தி. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வர வேண்டும், குழல் விளக்கை அணைத்துவிடுங்கள். நிழல் முழுவதையும் ஒரே நீர்மையில், ஒரே மூச்சில் பூசி விலகிவிட வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் திரும்பத் தொட்டால் ஓரத்தில் காலிஃபிளவர்போலக் கறை கட்டும். தாளின் வெள்ளைதான் தோலின் வெளிச்சம், அதை மூடினால் மீட்க முடியாது.

கோடு தப்பினால்? விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடலாம், இரண்டும் சேர்ந்து அசைவுபோலத் தெரியும். இல்லையென்றால் புதுத் தாள். தடவித் திருத்திய கோடு பயந்த கோடாகத் தெரியும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் பேனாப் படங்களைப் பார்த்துவிட்டு, அவர் கை பிறவியிலேயே அப்படி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் முதலில் கரியில் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, அந்த உருவம் மனப்பாடமான பிறகுதான் பேனாவைத் தொடுவார். தப்புகளை எல்லாம் கரியில் செய்து முடித்துவிடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

மையில் பெண்ணுடலை வரைந்தவர்களில் நான் அதிகம் பார்ப்பது சான்யூவை. சீனாவின் சிச்சுவானில் பிறந்து, 1921-ல் பாரிஸ் போய், 1966-ல் அங்கேயே இறந்தவர். கிராந்த் ஷோமியேர் என்ற பயிற்சிக்கூடத்தில் மற்றவர்கள் கரியோடும் பென்சிலோடும் உட்கார்ந்திருக்க, இவர் தூரிகையும் மையும் வைத்து வரைந்தார். இவருடைய பெண்களுக்குத் தலை சின்னது, தொடை மலைபோல. அளவு தப்பு என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். நான் அவளைத் தரையில் உட்கார்ந்து, முன்னால் நீட்டியிருக்கும் காலைப் பார்க்கச் சொன்னேன். கிட்டே இருப்பது பெரிதாகத்தான் தெரியும், பாரம் இருப்பதும் அங்கேதான். அதே பாரிஸில் வாழ்ந்த பான் யூலியாங் மைக்கோட்டின் மேல் மெல்லிய வண்ணம் சேர்த்தார். ஒரு பெண் பெண்களை வரைந்த அந்தப் படங்களில் யாரும் பார்க்கப்படுவதற்காக உட்கார்ந்திருக்கவில்லை, களைப்பாற உட்கார்ந்திருக்கிறார்கள். கோவாவில் பிறந்த சூசாவின் கோடு முற்றிலும் வேறு, கம்பி வேலிபோலக் கீறும். எனக்கு அது ஒத்துவராது. ஆனால் ஒரே கோட்டில் எவ்வளவு கோபம் ஏறும் என்று தெரிந்துகொள்ளவாவது பாருங்கள். இங்கே பர்மாவில் சண்டர் கைங் பருத்த பெண்ணுடலைத் துணியில்லாமல் வரைந்து பெயர் பெற்றவர். கண்காட்சி வைக்கும் முன் தணிக்கைக்காரர்கள் வந்து எந்தப் படத்தை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போன நாடு இது. அந்தக் காலத்திலும் ஒரு பெண் இதை விடாமல் வரைந்தார் என்பது எனக்குப் பெரிய தைரியம்.

முடித்ததும் முதல் வேலை தூரிகையைக் கழுவுவது. சோப்பு வேண்டாம், பச்சைத் தண்ணீரில் மை வெளுக்கும் வரை அலசி, விரலால் கூராக்கி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். நுனி மேலே பார்க்க வைத்தால் தண்ணீர் அடியில் இறங்கி மயிர் கழன்றுவிடும்.

அப்புறம் எல்லாத் தாளையும் தரையில் பரப்புவோம். உட்கார்ந்தவர் போர்த்திக்கொண்டு வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம், யார் வரைந்ததாக இருந்தாலும். போன வாரம் அந்த அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் தாளின் முன் குனிந்தார். தலையில் தட்டு வைத்துப் பலகாரம் விற்றவர் அவர், 30 வருஷம். வலப்பக்க இடுப்பில் நான் போட்டிருந்த மேல் மடிப்பின் தடித்த கோட்டில் விரலை வைத்தார். மை இன்னும் முழுதாகக் காயவில்லை, விரலில் கொஞ்சம் ஒட்டியது.

"இங்கேதாம்மா எனக்கு வலிக்கும்" என்றார்.

அந்தத் தாளைக் காயவைத்து, மேலே வெற்றுத் தாள் ஒன்று வைத்து, சுருட்டிக் கொடுத்தேன்.